ஈஎம்பி வந்தாலும் உங்க கேமும் சோல்டரிங் பெஞ்சும் பிழைக்கணுமா? படிப்படியா செய்யுங்க

போன வருஷம் ஒரு ராத்திரி எங்க வீட்டுக்குப் பக்கத்துல இடி விழுந்துச்சு. வீட்டு மேல கூட விழல, பக்கத்துலதான். ரவுட்டர் போச்சு, பிசியோட லேன் போர்ட் போச்சு, கன்சோல் ஆன் ஆகுது ஆனா எச்டிஎம்ஐல படம் வரல, டிவியிலயும் அதே போர்ட் காலி. அதே ரூம்ல டிராயருக்குள்ள கிடந்த ஹேண்ட்ஹெல்டும் (கையில பிடிச்சு ஆடுற கேம் மெஷின்) பையில இருந்த பழைய லேப்டாப்பும் ஒரு கீறல் இல்லாம அப்படியே இருந்துச்சு. உக்காந்து பார்த்தப்போ ஒண்ணு தெளிவாச்சு. போனது எல்லாமே ஏதாவது ஒரு நீள வயர்ல மாட்டி இருந்துச்சு, பிழைச்சது எதுலயும் மாட்டாம இருந்துச்சு.

இடிக்கே இந்த கதின்னா ஈஎம்பி, அதாவது மின்காந்தத் துடிப்பு வந்தா என்ன ஆகும்னு அன்னைக்கு ஆரம்பிச்ச தேடல். கிட்டத்தட்ட ஆறு மாசம் போச்சு, மூணு பெட்டி செஞ்சேன், அதுல ரெண்டு வேஸ்ட், தேவையே இல்லாத சாமானுக்கும் நிறைய காசு செலவு பண்ணேன். சரியான வரிசையை யாராவது முதல்லயே சொல்லி இருந்தா ரெண்டு மூணு வீக்கெண்ட்ல முடிஞ்சிருக்கும். கேம் ஆடுறது, சர்க்யூட் செய்யுறது ரெண்டும் எனக்கு உயிர், உங்களுக்கும் அப்படித்தான்னா கீழ இருக்குற வரிசையை மாத்தாம செய்யுங்க.

1. எது எதை அடிக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

இதுக்கு பத்து நிமிஷம் போதும், ஆனா இதைத் தாண்டிப் போனீங்கன்னா அப்புறம் எல்லாமே தப்பா வாங்குவீங்க.

அணுகுண்டு ரொம்ப உயரத்துல வெடிச்சா வர்ற துடிப்பை மூணு பங்கா பிரிப்பாங்க. முதல் பங்கு சில நானோசெகண்ட்ல உச்சத்துக்கு ஏறிடும், மீட்டருக்கு 50,000 வோல்ட்னு கணக்கு வெச்சுதான் பாதுகாப்பு டிசைன் பண்றாங்க, சிப்பை அடிக்கிறது இதுதான். ரெண்டாவது பங்கு கிட்டத்தட்ட இடி மாதிரி. மூணாவது மெதுவா வரும், நிமிஷக்கணக்குல நீடிக்கும், கிலோமீட்டர் கணக்குல போற மின்கம்பியில வேண்டாத கரண்ட்டை ஓடவிட்டு பெரிய டிரான்ஸ்பார்மரை எல்லாம் சூடாக்கிடும்.

சூரியப்புயல் கொண்டு வர்றது இந்த மூணாவது பங்கு மாதிரி மட்டும்தான். அதனால சூரியப்புயல்ல உங்க டிராயர்ல இருக்குற கேம்பாய்க்கு, அதாவது நிண்டெண்டோவோட பழைய ஹேண்ட்ஹெல்டுக்கு, ஒண்ணும் ஆகாது, ஆனா கரண்ட் போகும். 1989 மார்ச் 13ல கனடாவோட கியூபெக் மாகாணத்துல அப்படித்தான் சூரியப்புயல்ல மொத்த மின்கட்டமைப்பும் விழுந்து, சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தாங்க. குண்டு வகைக்கு உதாரணம்னா 1962 ஜூலை 9ல பசிபிக் கடலுக்கு மேல 400 கிலோமீட்டர் உயரத்துல அமெரிக்கா வெடிச்ச 1.4 மெகாடன் சோதனை, சுமார் 1,450 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஹவாய்ல கிட்டத்தட்ட முந்நூறு தெருவிளக்கு அணைஞ்சு போச்சு. அங்கயும் மாட்டிக்கிட்டது நீளமா வயர் போன விளக்கு வரிசைங்கதான்.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது: வயர் எவ்வளவு நீளமோ ஆபத்து அவ்வளவு. எதுலயும் மாட்டாத சின்ன சாமான் தப்பிக்க வாய்ப்பு நல்லாவே இருக்கு, கேரண்டி கிடையாது, அந்த மிச்ச சந்தேகத்துக்குத்தான் பெட்டி.

2. எதைக் காப்பாத்தணும்னு லிஸ்ட் போடுங்க, கரண்ட்டை வெச்சு முடிவு பண்ணுங்க

நான் முதல்ல செஞ்ச தப்பு, என் பெரிய கேமிங் பிசியைக் காப்பாத்த பெட்டி தேடினது. அதை முழுசா மூடுற அளவுக்கு உலோகப் பெட்டி செய்யலாம், முடியும், ஆனா வெளிய எடுத்தப்புறம் எதுல ஓட்டுவீங்க? அது ஓடும்போது 400 வாட் இழுக்குதுன்னா ரெண்டு மணி நேரம் ஆட 800 வாட்-அவர் வேணும். ஒரு நாளைக்கு நல்ல வெயில் நாலு மணி நேரம், வழியில போற இழப்பு எல்லாம் கழிச்சா 300 வாட் பேனல், அதுக்கு ஏத்த பேட்டரி, இன்வெர்ட்டர்னு ஒரு தனி மின்நிலையமே வேணும்.

ஸ்டீம் டெக் மாதிரி ஹேண்ட்ஹெல்ட் எடுத்தீங்கன்னா பேட்டரியே 40 வாட்-அவர்தான், ஓஎல்இடி மாடல்னா 50. ஒரு 20 வாட் மடக்கு பேனலே ஒரு நாள் வெயில்ல ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணிடும். 1989ல வந்த பழைய கேம்பாய் நாலு பென் பேட்டரியில பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். கேம்பாய் அட்வான்ஸ்க்கு ரெண்டே பேட்டரி.

அதனால லிஸ்ட்ல ஒவ்வொரு சாமானுக்கு நேராவும் வாட் எழுதுங்க. 30 வாட்டுக்கு மேல இழுக்குறது எதுவா இருந்தாலும் அடிச்சிடுங்க. அதை எல்லாம் வழக்கம்போல பயன்படுத்திக்கிட்டு இருங்க, ஆடாத நேரத்துல பிளக்கையும் லேன் வயரையும் ஆன்டெனா வயரையும் கழட்டி வைங்க. இதுக்கு செலவே கிடையாது, இடிக்கும் இதே பாதுகாப்புதான்.

என்னோட கடைசி லிஸ்ட்: ஒரு ஹேண்ட்ஹெல்ட், ஒரு பழைய கேம்பாய் வகை, ஒரு சின்ன லேப்டாப், எஃப்எம்-ஏஎம் ரேடியோ, மல்டிமீட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் கரண்ட்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி கட்டுப்படுத்துறது) ஒரு ஸ்பேர், டேட்டா வைக்க ரெண்டு எஸ்எஸ்டி டிரைவ், ஒரு டப்பா பாகங்கள். அவ்வளவுதான், ஒரு பெரிய தகர டின்ல அடங்கிடும்.

3. பேப்பர் வேலை

இதை எல்லாரும் விட்டுடுவாங்க. நானும் விட்டேன். இடி விழுந்து இன்சூரன்ஸ் கேட்கப் போனப்போ பில் எங்க, சீரியல் நம்பர் எங்க, எப்போ வாங்கினதுன்னு கேட்டாங்க, பில் எல்லாம் மெயில்ல, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பாதி அழிஞ்சு கிடக்குது, முடியுறதுக்குள்ள ரெண்டு மாசம் ஆச்சு. அதனால இந்த மூணு கட்டுப் பேப்பரையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஜிப் கவர்ல போட்டு வைங்க.

முதல் கட்டு, உங்க சாமான் பத்தினது. பில், சீரியல் நம்பர், போட்டோ. கூடவே உங்க இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து விலக்கு பகுதியைப் படிங்க. இடியால வர்ற மின்சேதத்துக்கு சில பாலிசியில தனியா சேர்த்தாத்தான் பணம் வரும். போர், அணு சம்பந்தப்பட்ட சேதத்தை பொதுவா விலக்கித்தான் வெச்சிருப்பாங்க, அதனால பெரிய ஈஎம்பிக்கு அந்தப் பணம் வரும்னு நம்பி எதையும் பிளான் பண்ணாதீங்க.

ரெண்டாவது கட்டு, அக்கவுண்ட் பத்தினது. ஒவ்வொரு கேம் ஸ்டோருக்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கு ரெகவரி கோடுன்னு ஒரு செட் குடுப்பாங்க, அதை பேப்பர்ல எடுங்க. போன் செத்துட்டா ஓடிபி வராது, நெட் என்னைக்காவது திரும்பி வர்றப்போ பல வருஷமா வாங்கிச் சேர்த்த லைப்ரரிக்கு அந்தச் சீட்டுதான் சாவி. பாஸ்வேர்டை அதே தாள்ல எழுதாதீங்க, தனியா வைங்க.

மூணாவது, லைசென்ஸ். ஹாம் ரேடியோல, அதாவது பொழுதுபோக்கா சொந்த வயர்லெஸ் செட்ல பேசுறதுல, ஆசை இருந்தா பெரும்பாலான நாடுகள்ல பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், படிக்க, பரீட்சைத் தேதி கிடைக்க, சர்டிபிகேட் வரன்னு மாசக்கணக்குல இழுக்கும். எல்லா வேலையிலயும் இதுக்குத்தான் அதிக நாள் ஆகும், அதனால இந்த வாரமே அப்ளை பண்ணிட்டு மத்த வேலையைப் பாருங்க.

4. பெட்டி செய்யுங்க

ஃபாரடே கூண்டுன்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, எல்லாப் பக்கமும் இடைவெளி இல்லாம உலோகத்தால மூடின பெட்டி. தடிமனை விட முக்கியம் இடைவெளி. தகடு எவ்வளவு கனமா இருந்தாலும் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல முடி அகலத்துல நீளமா ஒரு இடைவெளி இருந்தா அது வழியா அலை உள்ள போகும். ஓட்டையோட அகலத்தை விட நீளம்தான் கெடுக்கும், அதனால சின்னப் புள்ளி ஓட்டையைப் பத்தி கவலைப்படாதீங்க, மூடி ஓரத்தைப் பத்தி கவலைப்படுங்க.

அளவு புரியணும்னா: 40 டெசிபெல் தடுப்புன்னா 50,000 வோல்ட் 500 ஆகுது, 60 டெசிபெல்னா 50 ஆகுது. அதாவது நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்கு.

தேவைப்படுறது: மூடி இறுக்கமா உக்கார்ற தகர டின் இல்லன்னா கால்வனைஸ் பண்ண டிரம், கனமான அலுமினிய ஃபாயில், அட்டை, பசையும் கரண்ட் கடத்துற செப்பு டேப், உப்புத்தாள், சிலிக்கா ஜெல் பொட்டலம். டின்னும் அட்டையும் வீட்டுலயே இருக்கும், காசு போறது செப்பு டேப்புக்கு மட்டும்தான். எல்லாம் சேர்த்தாலும் ஒரு புது கேமோட விலைக்குள்ள அடங்கிடும். நேரம் ஒரு அரை நாள்.

செய்முறை. டின்னோட வாய் ஓரத்துலயும் மூடியோட உள் ஓரத்துலயும் பெயிண்டோ வார்னிஷோ இருக்கும், கண்ணுக்கே தெரியாத மெழுகுப் பூச்சு கூட இருக்கும். உப்புத்தாளால சுத்தி வர தேய்ச்சு வெறும் உலோகம் பளபளன்னு தெரியுற வரைக்கும் எடுங்க. அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு ஒரு முனையை மூடியிலயும் இன்னொண்ணை டின்லயும் தொடுங்க, ஒரு ஓமுக்குக் கீழ காட்டணும், ஒரு இடத்துல மட்டும் இல்லாம சுத்தி ஏழெட்டு இடத்துல பாருங்க. உள்பக்கம் அடி, சுவர், மூடி எல்லாத்துலயும் அட்டை ஒட்டுங்க, சாமான் எதுவும் உலோகத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு சாமானையும் முதல்ல துணியிலயோ அட்டையிலயோ சுத்தி, அதுக்கு மேல ஃபாயில் ரெண்டு மூணு சுத்து, ஓரத்தை ரெண்டு தடவை மடிச்சு அழுத்துங்க. இப்போ ஒரு கூண்டுக்குள்ள இன்னொரு கூண்டு ஆச்சு. கடைசியா மூடி போட்டு ஓரத்தைச் சுத்தி செப்பு டேப்.

எல்லாரும் விழுற குழிங்க:

ரப்பர் கேஸ்கெட் இருக்குற பெட்டி. தண்ணி புகாது, அலை தாராளமா புகும், ஏன்னா ரப்பர் மூடியையும் பெட்டியையும் தொடவிடாம பிரிச்சு வைக்குது. நான் முதல்ல செஞ்ச பெட்டி இதுதான். கேஸ்கெட்டை எடுத்துட்டு அந்த இடத்துல உலோகத் தொடர்பு குடுங்க.

சாதா அலுமினிய டேப். பார்க்க உலோகம், ஆனா பல டேப்ல பசை கரண்ட் கடத்தாது. ரெண்டு துண்டை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி மல்டிமீட்டர்ல பாருங்க, ரீடிங் வரலன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

மைக்ரோவேவ் அவன். நிறைய பேர் இதை சொல்றாங்க, வேண்டாம். அது 2.45 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணை வெளிய விடாம இருக்கத்தான் டிசைன் பண்ணது, கதவோட சீல் அந்த அலைக்கு மட்டும் டியூன் பண்ணி இருக்கும், அதுல உலோகம் உலோகத்தைத் தொடணும்னு கூட அவசியம் இல்ல. அதுக்கும் மேல, உள்ள போனும் பேட்டரியும் இருக்குன்னு தெரியாம வீட்டுல யாராவது ஆன் பண்ணிட்டா நெருப்புதான்.

எர்த் வயர். சின்னப் பெட்டிக்கு எர்த் தேவையே இல்ல. நீளமா ஒரு எர்த் வயர் இழுத்தீங்கன்னா அதுவே ஆன்டெனா ஆகிடும். அதே மாதிரி சார்ஜ் பண்ண வசதியா இருக்கட்டும்னு ஒரு ஓட்டை போட்டு கேபிள் வெளிய விட்டீங்கன்னா பெட்டி செஞ்சதே வீண். கேபிள் உள்ள சுருட்டி இருக்கணும்.

ஆன்டி-ஸ்டேடிக் கவர். ஐசியை, அதாவது சிப்பை, பாதுகாக்க நல்லது, ஆனா அது மட்டும் கூண்டு ஆகாது.

5. டெஸ்ட் பண்ணுங்க, ரேடியோவை வெச்சு

போனை உள்ள வெச்சு கால் பண்ணிப் பார்க்குறதுதான் எல்லாரும் பண்ற டெஸ்ட். தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா போன் கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யுது, ரொம்ப ரொம்ப சின்ன சிக்னலைக் கூட பிடிச்சிடும். ஈஎம்பியோட முதல் பங்குல சக்தி பெரும்பாலும் அதை விட ரொம்பக் கீழ, 100 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் அதுக்குக் கீழயும்தான் இருக்கு. எஃப்எம் 88ல இருந்து 108 வரைக்கும், ஏஎம் கிட்டத்தட்ட 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதனால எஃப்எம்மும் ஏஎம்மும் ரெண்டும் அடங்கணும்.

சின்ன பேட்டரி ரேடியோவுல இருக்குறதுலயே பலமா வர்ற ஸ்டேஷனை வைங்க, வால்யூம் ஃபுல், உள்ள வெச்சு மூடுங்க, காதை டின் மேல வெச்சுக் கேளுங்க. என் மூணாவது பெட்டியில மூடினதுக்கு அப்புறமும் பாட்டு கொஞ்சம் கரகரப்போட கேட்டுட்டே இருந்துச்சு. மூடியை ரெண்டு கையாலயும் அழுத்தினேன், டக்குன்னு வெறும் இரைச்சல். கையை எடுத்தேன், திரும்பப் பாட்டு. ஒரு பக்கமா அழுத்தி அழுத்தி நகர்த்திக்கிட்டே போனதுல ஒரு விரல் நீளத்துக்கு பெயிண்ட் தேய்க்காம விட்டிருந்தது தெரிஞ்சுச்சு. அந்த இடத்தைத் தேய்ச்சதும் அழுத்தாமலே அடங்கிடுச்சு. இப்படி அழுத்திப் பார்க்குறது மாதிரி சுலபமான வழி வேற கிடையாது, ஒரு கருவியும் வேண்டாம்.

புது டிஜிட்டல் ரேடியோன்னா சிக்னல் இல்லாதப்போ இரைச்சல் கூட வராம அமைதியாகிடும், அதுவும் பாஸ்தான். இயர்போன் வயரையே ஆன்டெனாவா எடுத்துக்குற ரேடியோன்னா அந்த வயரை முழுசா உள்ள சுருட்டி வைங்க.

எஃப்எம்மும் ஏஎம்மும் அடங்கிடுச்சு, போன் மட்டும் அடிக்குதுன்னா பதறாதீங்க, மூடி ஓரத்துல இன்னொரு சுத்து டேப் போட்டுப் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, ஏன்னா தேய்ச்ச இடத்துல துரு பிடிக்கும்.

6. பேட்டரி

லித்தியம் பேட்டரி உள்ள சாமானை ஃபுல் சார்ஜ்ல வைக்காதீங்க, ஜீரோலயும் வைக்காதீங்க. 40ல இருந்து 60 சதவீதம். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து ஏத்தி வைங்க. முதுகு லேசா உப்பி இருந்தாக்கூட அதைத் திரும்ப பெட்டிக்குள்ள வைக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. பெட்டியை வெயில் அடிக்கிற பரண்ல வைக்கவே கூடாது, இருக்குறதுலயே குளிர்ச்சியான அறையில தரையோரமா வைங்க.

பென் பேட்டரி போடுற சாமான்ல இருந்து பேட்டரியைக் கழட்டிடுங்க. ஆல்கலைன் கசிஞ்சு ஸ்பிரிங்கை அரிச்சா ஈஎம்பி தேவையே இல்ல, அதுவே கொன்னுடும். ரீசார்ஜ் ஆகுற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுல மெதுவா இறங்குற ரகம்னு தனியா இருக்கு, அதை வாங்குங்க. கேம்பாய் கார்ட்ரிட்ஜ்ல பல கேம்ல சேவ் நிக்கிறது உள்ள இருக்குற பட்டன் பேட்டரியாலதான், அது தீர்ந்தா சேவ் போச்சு, அதனால ரெண்டு மூணு ஸ்பேர் வாங்கி மாத்தப் பழகிக்கோங்க.

முக்கியமா ஒண்ணு. பேட்டரி முனையும் ஃபாயிலும் தொட்டா ஷார்ட் ஆகி நெருப்பு பிடிக்கும். தனி பேட்டரி எல்லாத்தையும் பிளாஸ்டிக் கேஸ்ல போட்டுட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்கணும்.

7. கரண்ட்டுக்கு வழி

சோலார் பேனல் தனியா ஓரளவு தாங்கக்கூடியது. பலவீனமான இடம் அதோட மாட்டுற எலக்ட்ரானிக்ஸ்: சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், பேனலுக்குப் பின்னால ஒட்டி இருக்குற யூஎஸ்பி பெட்டி. கூரையில பெரிய சோலார் இருக்குற வீடுன்னாலும் பேனல்ல இருந்து இறங்குற நீள வயர் நேரா இன்வெர்ட்டருக்குள்ள போகுது, அதனால அதை நம்பி இருக்காதீங்க. சின்ன மடக்கு பேனல் ஒண்ணு, ஒரு ஸ்பேர் கன்ட்ரோலர், ஒரு பவர் பேங்க், மூணும் பெட்டிக்குள்ள. பேனல் பெருசா இருந்தா அதை மட்டும் வெளிய வைக்கலாம், வயரைக் கழட்டி.

பவர் பேங்க் வாங்கும்போது 20,000 மில்லிஆம்ப்-அவர்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட்-அவர் ஆகுது, மாத்துற இழப்பு போக அறுபது சொச்சம் கைக்கு வரும். ஹேண்ட்ஹெல்டை ஒரு தடவை நிரப்பி மிச்சமும் இருக்கும்.

யூபிஎஸ்ஸும் சர்ஜ் புரொடெக்டரும் இருக்கே போதாதான்னு கேட்பீங்க. வீட்டு லைன்ல வர்ற சாதாரண ஏத்த இறக்கத்துக்கு நல்லது, கட்டாயம் வைங்க, ஆனா முதல் பங்கு வயர் இல்லாம நேராவும் வரும், லேன் வயர் வழியாவும் வரும், அதை இது தடுக்காது.

8. கேமை லாகின்ல இருந்து விடுதலை பண்ணுங்க

சாமான் பிழைச்சு, கரண்ட்டும் இருந்து, ஸ்கிரீன்ல "இணையத்துடன் இணைக்கவும்"னு வந்தா அதை விட வேதனை இல்ல. இந்தப் படியை நெட் இருக்குற இப்போவே முடிக்கணும்.

பிசியில ஸ்டீம்னா ஒவ்வொரு கேமையும் நெட்டோட ஒரு தடவை திறந்து, அப்டேட் முடிச்சு, ஆஃப்லைன் மோடுக்குப் போய் திரும்பத் திறந்து பாருங்க. தனியா இன்னொரு கம்பெனி லாஞ்சர் கேட்குற கேம் பல நேரம் மாட்டிக்கும், லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. ஜிஓஜின்னு ஒரு ஆன்லைன் கேம் கடை இருக்கு, அதுல வாங்கின கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தனியா டவுன்லோட் பண்ணி வைக்கலாம், லாகினே வேண்டாம், இந்தக் காரணத்துக்காகவே பழைய கேம் வாங்குறப்போ நான் அங்கதான் வாங்குறேன்.

பிஎஸ்5ல கன்சோல் ஷேரிங், ஆஃப்லைன் ப்ளேன்னு செட்டிங்ஸ்ல இருக்கு, ஆன்ல இருக்கான்னு பாருங்க. பிஎஸ்4னா 2021ல வந்த 9.00 அப்டேட்டோ அதுக்குப் பிந்தினதோ இருக்கணும். அதுக்கு முன்னால உள்ள இருக்குற சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்து, சர்வரோடயும் பேச முடியலன்னா டிஸ்க் போட்டாக்கூட கேம் ஓடாது. ஸ்விட்ச் 2க்கு வாங்குறப்போ அட்டையை நல்லாப் பாருங்க, கேம்-கீ கார்டுன்னு போட்டிருந்தா அந்தக் கார்டுக்குள்ள கேம் இல்ல, சாவி மட்டும்தான், டவுன்லோட் பண்ணாம ஆட முடியாது.

டேட்டாவை எதுல வைக்கிறது? எழுதின டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குல எலக்ட்ரானிக்ஸே இல்ல, துடிப்பு அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா படிக்கிற டிரைவை பெட்டிக்குள்ள வைக்கணும். ஹார்ட் டிஸ்க்ல தட்டு பிழைச்சாலும் போர்டு போகலாம். எஸ்எஸ்டி சின்னது, பெட்டியில வசதி, ஆனா வருஷக்கணக்குல கரண்ட் குடுக்காம போட்டா டேட்டா மெல்ல அழியலாம், பேட்டரி பார்க்குற அன்னைக்கே அதையும் மாட்டி முழுசாப் படிக்க வைங்க. நான் ஒரே டேட்டாவை எஸ்எஸ்டியிலயும் டிஸ்க்லயும் ரெண்டுலயும் வெச்சிருக்கேன். கேமோட கையேடு, மேப் எல்லாம் பிடிஎஃப். கிவிக்ஸ்னு நெட் இல்லாம படிக்கிற ஆப்ல விக்கிபீடியாவையே இறக்கி வைக்கலாம், ஆங்கிலம் படத்தோட கிட்டத்தட்ட 100 ஜிபி வரும், தமிழ் அதுல சின்னப் பங்குதான்.

9. சோல்டரிங் பெஞ்ச்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, ஏன்னா பெட்டிக்கு வெளிய இருந்து செத்த சாமானை உயிர்ப்பிக்கிறது இங்கதான். என் கன்சோல்ல எச்டிஎம்ஐ சிப் மட்டும்தான் போயிருந்துச்சு, மத்தது எல்லாம் நல்லா இருந்துச்சு. துடிப்பு வயர் வழியா வருது, அதனால வயர் வந்து சேர்ற வாசல்தான் முதல்ல சாகும்: ஃபியூஸ், பவர் சப்ளையில இருக்குற மாஸ்ஃபெட், ரெகுலேட்டர், லேன், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி போர்ட் சிப்.

ஸ்டாக் வைக்க வேண்டியது: விதவிதமான ஃபியூஸ், 1என்4007 டயோடு, 7805, எல்எம்317 ரெகுலேட்டர், 555 டைமர், நாலஞ்சு ரக மாஸ்ஃபெட் (கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர்), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் கிட், காலோட வர்ற பெரிய ஏடிமெகா328பி சிப் (ஆர்டுயினோ போர்டுல இருக்குற புரோகிராம் பண்ணக்கூடிய சிப்) நாலஞ்சு, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு புரோகிராமர். ஐசியை கறுப்பு கடத்தும் ஃபோம்ல குத்தி வெச்சு ஃபாயில்ல சுத்துங்க. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மட்டும் மலை மாதிரி வாங்கிச் சேர்க்காதீங்க, அது சும்மா இருந்தாலே வயசாகும்.

லேப்டாப்ல புரோகிராம் எழுதி சிப்ல ஏத்துற ஆர்டுயினோ ஐடிஈ போட்டா மட்டும் போதாது, போர்டு பேக்கேஜும் லைப்ரரியும் முன்னாடியே இறக்கி, வைஃபை ஆஃப் பண்ணி, எல்இடியை மினுக்க வைக்கிற பிளிங்க் புரோகிராம் ஒண்ணு ஏத்திப் பாருங்க. எனக்கு முதல் தடவை கம்பைலே ஆகல, பேக்கேஜ் பாதி நெட்ல இருந்து வர வேண்டியதா இருந்துச்சு. சிப்போட டேட்டாஷீட்ல எந்தக் கால் எதுக்குன்னு படம் இருக்குற பக்கத்தை மட்டும் தாள்ல எடுத்து வைங்க.

சோல்டரிங் அயர்ன் பேட்டரியில ஓடணும். பைன்சில் மாதிரி யூஎஸ்பி-சி அயர்ன் பவர் பேங்க்லயே சூடாகும், பவர் பேங்க் பிடி சார்ஜிங் (யூஎஸ்பி-சியில அதிக வாட் குடுக்குற முறை) குடுக்குதான்னு பார்த்து வாங்குங்க. கேஸ் அயர்ன் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. முள் மல்டிமீட்டர் ஒண்ணும் வாங்குங்க, அதுல வோல்ட் பார்க்க பேட்டரியே வேண்டாம்.

10. ரெண்டு நாள் ஒத்திகை

வெள்ளிக்கிழமை ராத்திரி ரவுட்டரை ஆஃப் பண்ணுங்க, சுவர் பிளக்ல எதையும் மாட்டாதீங்க, பெட்டியைத் திறந்து உள்ள இருக்குறதை மட்டும் வெச்சு ஞாயிறு சாயந்தரம் வரைக்கும் ஓட்டுங்க. மத்த எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீங்க. என் முதல் ஒத்திகையில சனிக்கிழமை காலையிலயே மாட்டினேன், பேனல் இருக்கு, பவர் பேங்க் இருக்கு, ஹேண்ட்ஹெல்டுக்குப் போற கேபிள் மட்டும் இல்ல, அது டிவி பக்கத்துல மாட்டி இருந்துச்சு. மேகமா இருந்ததால 20 வாட் பேனல்ல இருந்து வந்தது அஞ்சு வாட்டுக்கும் கம்மி, ராத்திரி எல்லாரும் மெழுகுவத்தி வெளிச்சத்துல செஸ் ஆடினோம். அதுக்கப்புறம் பெட்டி பக்கத்துல ஒரு செஸ் போர்டு, சீட்டுக்கட்டு, ரெண்டு தாயக்கட்டை, ஒரு கட்டு வெள்ளைத்தாள், பென்சில் எல்லாம் நிரந்தரமா வந்து உக்காந்துடுச்சு, பேட்டரி இல்லாத கேமுக்கும் லிஸ்ட்ல இடம் குடுங்க.

விட்டுப்போனதை எல்லாம் அன்னைக்கே எழுதி வெச்சு அடுத்த வாரமே பெட்டிக்குள்ள சேருங்க.

11. எச்சரிக்கை வந்தா, வந்து போனா

சூரியப்புயலுக்கு நேரம் கிடைக்கும். சூரியன்ல இருந்து கிளம்பினது பூமிக்கு வர பொதுவா ஒண்ணுல இருந்து மூணு நாள், ரொம்ப வேகமா வந்தா 15-18 மணி நேரம். அமெரிக்காவோட நோவா விண்வெளி வானிலை மையம் ஜி1ல இருந்து ஜி5 வரைக்கும் அளவு போட்டு அறிவிக்கும், 2024 மே மாசம் வந்தது ஜி5. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கிற செயற்கைக்கோள் கடைசியா உறுதி பண்றப்போ உங்க கையில இருக்குறது 15 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். ஜி4, ஜி5னு பார்த்தா எல்லா பேட்டரியையும் ஏத்துங்க, தண்ணி பிடிச்சு வைங்க, பெரிய சாமான் எல்லாத்தோட பிளக்கையும் கழட்டுங்க. கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே மாட்டாதீங்க, முதல்ல ஒரு பல்பு மட்டும் போட்டு சில மணி நேரம் நிலையா எரியுதான்னு பாருங்க.

குண்டு வகைக்கு எச்சரிக்கையே கிடையாது, பெட்டிக்குள்ள அன்னைக்கு என்ன இருக்கோ அதுதான். முதல்ல வீட்டுல இருக்குறவங்க, மருந்து, தண்ணி, அக்கம்பக்கத்துல தனியா இருக்குற வயசானவங்க. பெட்டியை அன்னைக்கே மொத்தமா திறக்காதீங்க, ரெண்டாவது துடிப்பு வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. ரேடியோவை மட்டும் வெளிய எடுத்து, மூடியைத் திரும்ப அழுத்தி டேப் போட்டுட்டு, பேட்டரியை மாட்டி ஏஎம்ல ஆரம்பிச்சு மெதுவா ஒவ்வொரு ஸ்டேஷனாத் திருப்புங்க. ஹேண்ட்ஹெல்ட் இன்னும் சில நாள் ஃபாயிலுக்குள்ளயே இருக்கட்டும்.